முப்பத்தேழு விரல்கள் பற்றி அத்தைக்கு ஒரு விளக்கம்

மதிப்பும் பாசமும் மிக்க அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, குட்டி மூவரும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீங்கள் சௌக்கியமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் கடிதம் என்றால் எதையாவது விசாரித்துத்தான் ஆக வேண்டும் என்பதால் மாமாவின் முழங்காலைப் பற்றி மட்டும் விசாரித்துக்கொள்கிறேன். வீக்கம் இறங்கியதா? படி ஏறுகிறாரா?

இரண்டு தெரு தள்ளி இருக்கிறவளுக்கு எதற்கடி கடிதம் என்று கேட்பீர்கள். நேரில் வர எனக்கு முகம் இல்லை அத்தை. நீங்கள் மூன்று முறை போன் செய்தீர்கள். மூன்று முறையும் அதைக் கையில் வைத்துக்கொண்டு, அடித்து ஓயும்வரை பார்த்தபடி நின்றேன். நான்காவது முறை குட்டி எடுத்து, "அம்மா கதவுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்காங்க" என்று சொன்னது உங்கள் காதில் தெளிவாக விழுந்திருக்கும். குழந்தை பொய் சொல்லவில்லை. இப்போது அவள் தூங்கிவிட்டாள். உங்கள் மாப்பிள்ளையும் தூங்குவதுபோல் படுத்திருக்கிறார். இன்றைக்கும் எழுதாவிட்டால் இனி எழுதவே மாட்டேன் என்று பயந்து உட்கார்ந்திருக்கிறேன்.

வார்டு தேர்தல் முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. பதினான்கு ஓட்டில் தோற்றுப்போனீர்கள். எங்கள் தெருக்காரர்கள் நன்றி கெட்டவர்கள், அன்றைக்குப் பார்த்துக் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டார்கள், ஒரு நடை நடந்து வந்து ஓட்டுப் போட உடம்பு வணங்கவில்லை என்று நீங்கள் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிவருவதாகக் கேள்விப்பட்டேன். தையல் அக்காவிடம் கொடுத்திருந்த துணியைத் தைக்கும் முன்பே திருப்பி வாங்கிக்கொண்டீர்கள். பஸ் டிரைவர் அண்ணன் வழியில் வணக்கம் சொன்னதற்கு எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டே போய்விட்டீர்கள். அத்தை, அவர்கள் யாரும் தூங்கவில்லை. காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிவரை வாக்குச்சாவடி வராந்தாவில் நின்றார்கள். முப்பத்தேழு பேர். முப்பத்தேழும் உங்களுக்கு விழ வேண்டிய ஓட்டு. விழாமல் தடுத்த ஆள் எதிராளி இல்லை, அவர் கட்சிக்காரர்கள் இல்லை. உங்கள் தம்பி மகளாகிய நான்தான்.

எப்படி என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெரு முனையில் இருக்கும் நூலகத்து மாடியில், நம் ஊர் எப்படி ஆளப்படுகிறது, ஓட்டு எப்படி வந்தது என்றெல்லாம் மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க மூன்று சனிக்கிழமை வகுப்பு நடத்த ஆள் தேவை என்று நூலகர் பலகையில் எழுதிப் போட்டிருந்தார். நான் அரசியல் அறிவியல் படித்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தானே கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வந்தீர்கள். அந்தப் பட்டம் கல்யாணத்திலிருந்து அலமாரியில் குட்டியின் தடுப்பூசி அட்டைக்கு அடியில் கிடக்கிறது. வேலைக்குப் போகவில்லை. குழந்தைக்குச் சளி, குழந்தைக்குப் பல், குழந்தை ஏன் இன்றைக்கு இரண்டு முறை தும்மினாள் என்று நாலு வருஷம் ஓடிப்போயிற்று. இதற்காவது பயன்படட்டுமே என்று போய்ப் பெயர் கொடுத்தேன். முதல் நாளே எல்லோரும் "டீச்சர்" என்று கூப்பிட்டுவிட்டார்கள். நான் டீச்சர் இல்லைங்க என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. கேட்க நன்றாக இருந்தது. எல்லாக் கோளாறும் அங்கேதான் ஆரம்பம் அத்தை.

முதல் சனிக்கிழமை, வரலாற்றை வாயால் சொன்னால் யாருக்கும் மண்டையில் ஏறாது, நடத்திக் காட்டுவோம் என்று நாற்பது நாற்காலி போட்டு எல்லோரையும் உட்கார வைத்தேன். ஒரு காலத்தில் சொத்து இருக்கிறவர்களுக்குத்தான் ஓட்டு, ஆகவே சொந்த வீடு இல்லாதவர்கள் தயவுசெய்து எழுந்து வெளியே போங்கள் என்றேன். எங்கள் தெருவில் யாருக்கு அத்தை சொந்த வீடு? மொத்தக் கூட்டமும் எழுந்து மாடிப்படியில் போய் நின்றது. உள்ளே மிஞ்சியவர் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஒருவர்தான். நாற்பது நாற்காலி, மூன்று மின்விசிறி, நடுவில் அவர். அடுத்தது பெண்களுக்கு ஓட்டு இல்லாத காலம், பெண்களை வெளியே அனுப்ப வேண்டும். அதற்கு உள்ளே என்னைத் தவிர ஆள் இல்லை என்பதால் நானும் வெளியே போய்விட்டேன். படியில் நின்று சொத்தில்லாதவர்களுக்கு எப்படி ஓட்டு வந்தது என்று நான் விளக்கி முடித்து எல்லோரையும் கூட்டிக்கொண்டு உள்ளே வருவதற்குள், அவர் தனியாகச் சபையைக் கூட்டி, மொட்டைமாடியில் இனி யாரும் துணி உலர்த்தக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டு, வருகைப் பதிவேட்டிலேயே எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டார். மறுநாள் அது நோட்டீஸாக மாடிக் கதவில் தொங்கியது. ஐயா, அது சும்மா பாடம் என்று போய்ச் சொன்னேன். பாடம்தானே, நானும் நன்றாகப் படித்துக்கொண்டேன் என்றார். இன்றுவரை எங்கள் துணியெல்லாம் கட்டில் காலிலும் கதவிலும்தான் காய்கிறது.

இதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஆனால் தையல் அக்கா அன்றைக்குப் படியில் நின்றபடி, வெளியே நிற்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது டீச்சர் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு? இரண்டாவது வாரம், எந்த வேலைக்கு எந்த அலுவலகம் பொறுப்பு என்று காட்டுவதற்காக நோட்டும் பேனாவுமாக முப்பது பேரை வார்டு அலுவலகத்துக்கு நடத்திக்கொண்டு போனேன். அங்கே இருந்த எழுத்தர் எங்களை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் ஏதோ போராட்டம் என்று எண்ணிக் கேட்டைப் பூட்டிவிட்டார். நாங்கள் படிக்க வந்தோம் என்றேன். எதைப் படித்தாலும் வெளியிலிருந்தே படியுங்கள் என்றார். ஒரு பேச்சுக்கு, எங்கள் தெரு விளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வது என்று கேட்டேன். நாளைக்கே ஆள் அனுப்புகிறேன், தயவுசெய்து கலைந்து போங்கள் என்று கும்பிட்டார். மறுநாள் நிஜமாகவே ஆள் வந்து, நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டிவிட்டுப் போனான். புதிது எரியவில்லை.

இப்போது மூன்றாவது சனிக்கிழமைக்கு வருகிறேன். வார்டு தேர்தல் திங்கட்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்பு மாதிரித் தேர்தல் நடத்திக் காட்டினால் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். நூலகம் ஞாயிறு காலையில் திறக்க வேண்டுமா, வேலை நாளில் சாயங்காலம் கூடுதலாகத் திறக்க வேண்டுமா என்று கேள்வி. அட்டைப் பெட்டி, வாக்குச்சீட்டு, மறைப்புக்குத் தையல் அக்கா கொடுத்த திரைத்துணி, எல்லாம் சரியாக இருந்தது. மை மட்டும் இல்லை. ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டு முடித்திருக்கலாம். உங்கள் மாப்பிள்ளை அதைத்தான் சொன்னார். நான்தான், பாடம் என்றால் அசல் மாதிரியே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். எங்கள் தெருவில் பள்ளி ஆய்வக உதவியாளர் ஒருவர் இருக்கிறார், பிப்பெட் அண்ணன் என்று கூப்பிடுவார்கள், ஆய்வகத்தில் அந்த அளவுக் குழாயைப் பிடிப்பதுபோல் கையைத் தூக்கி அளந்துதான் காபிக்கே பால் ஊற்றுவார். அந்த மை வேறொன்றும் இல்லை, சில்வர் நைட்ரேட்தான், குழந்தை தொட்டாலும் பாதகமில்லாமல் நீர்க்கக் கலந்து தருகிறேன் என்று ஒரு பாட்டில் கொண்டுவந்தார். அது பார்க்கத் தண்ணீர் மாதிரி இருந்தது. விரலில் வைத்தால் ஒன்றுமே தெரியவில்லை. கூட்டம் சிரித்தது. டீச்சர் தண்ணி தெளிக்கிறாங்க என்றார் டிரைவர் அண்ணன். எனக்கு ரோஷம் வந்து எல்லோருக்கும் இரண்டாவது தடவையும் வைத்தேன். சிரித்தவர்களுக்கு மூன்றாவது தடவை. பிப்பெட் அண்ணன் ஓரத்தில் நின்று, வெளிச்சம் பட்டால்தான் நிறம் ஏறும்மா, கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பொறுத்தேனா? இடது கை ஆள்காட்டி விரல், நகமும் தோலும் சேரும் இடம், விதிப்படி, நாற்பத்தொரு பேருக்கு வைத்து முடித்தேன். அதில் ஓட்டு உள்ளவர்கள் முப்பத்தேழு பேர். எண்ணி வைத்திருக்கிறேன்.

கடைசியில்தான் டிரைவர் அண்ணன் விரலை ஊதிக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டார். "டீச்சர், நாளன்னிக்கு நிஜ ஓட்டு இருக்கே. இந்த மையோட போனா விடுவாங்களா?"

அத்தை, எனக்குத் தெரியாது. சத்தியமாக அந்த யோசனையே அதுவரை எனக்கு வரவில்லை. தெரியாது அண்ணே, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாற்பத்தொரு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்குத் தெரியாதது உண்டா என்பதுபோல் ஒரு பார்வை. நான் கொஞ்சமும் யோசிக்காமல், "அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணே, அடுத்த விரல்ல வைப்பாங்க" என்றேன். சொன்ன விதம் அப்படி, எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. எல்லோரும் தலையாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் மை ஏறியது பாருங்கள், மூன்று கோட்டிங்குக்கு உரிய ஏற்றம், நாவல்பழம் தின்றதுபோல் கருநீலம். தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னிடம் விரலைத் தூக்கிக் காட்டி, அசல் டீச்சர், அசல் என்று பாராட்டினார்கள். அன்றைக்குக் காலையில்தான் நம் குட்டி எழுந்து உட்கார்ந்தபோது அவளுக்கு மீசை இருந்தது. முந்தின நாள் பாட்டில் மூடியில் விரலை விட்டு மூக்குக்குக் கீழே இழுத்திருக்கிறாள், யாரும் கவனிக்கவில்லை. நான் அலறி அடித்துக்கொண்டு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் பார்த்துவிட்டு, உயிருக்கு ஒன்றுமில்லை, தோல் உரியும்போது தானாகப் போகும், அதுவரை இந்தம்மா இரண்டாவது ஓட்டுப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் என்ன சொன்னார் என்பதும் மண்டையில் ஏறவில்லை. ஏறியிருந்தால் அன்றைக்கே ஏதாவது செய்திருக்கலாம்.

திங்கட்கிழமை நான் ஏழு மணிக்கே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். எட்டு மணிக்கு டிரைவர் அண்ணனும் தையல் அக்காவும் முதல் ஆளாகப் போனார்கள். வராந்தாவில் மேஜை போட்டு விரலைச் சோதித்துக்கொண்டிருந்த அதிகாரி ஒரு சின்னப் பெண், கண்டிப்பானவள், விதிப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள். டிரைவர் அண்ணன் நான் சொன்னபடியே அடுத்த விரலை நீட்டினார். அடுத்த விரல் என்றால் எது என்று யோசித்துப் பாருங்கள் அத்தை. நடுவிரல். தனியாக, நிமிர்த்தி, அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக. அவருக்குப் பின்னால் தையல் அக்கா. அக்காவுக்குப் பின்னால் வரிசையாக எங்கள் தெரு முழுவதும், சிரித்த முகத்துடன், அதே விரலை நீட்டிக்கொண்டு. அந்தப் பெண் சிவந்து எழுந்து நின்றுவிட்டாள். காவலர் வந்தார். எல்லோர் கையையும் பார்த்தார்கள், மை இருந்தது. ஏற்கெனவே எங்கேயோ ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்களுக்கு இங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

செய்தி கேட்டு நான் குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஓடியவள் நேராக அந்த அதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் இல்லையா? நான் அதைச் செய்யவில்லை. எல்லோரையும் ஓரமாகக் கூட்டிப் போய், வீட்டுக்குப் போய்த் தேய்த்துக் கழுவிவிட்டு வாருங்கள் என்றேன். எலுமிச்சம்பழம், மண்ணெண்ணெய், பல்பொடி, பாத்திரம் தேய்க்கும் கம்பி, எதையும் விடவில்லை. பதினொரு மணிக்கு முப்பத்தேழு பேரும் தோல் சிராய்த்த விரலோடு வந்து நின்றார்கள், மை மட்டும் அப்படியே இருந்தது. மையை அழிக்கப் பார்ப்பது அதைவிடப் பெரிய குற்றம் என்று அந்தப் பெண் புத்தகத்தைப் புரட்டிப் படித்துக் காட்டினாள். அது எனக்குத் தெரியும் அத்தை. சனிக்கிழமை வகுப்பில் நானே அதைப் பாடமாகச் சொல்லியிருந்தேன்.

இந்த மையை யார் வைத்தது என்று அவள் கேட்டாள். அப்போது நான் நாலு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். குட்டி என் இடுப்பில், மீசையோடு. முப்பத்தேழு பேரில் ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். டிரைவர் அண்ணன்தான், தெரியாமல் எங்கேயோ பட்டுவிட்டது அம்மா என்றார். முப்பத்தேழு பேருக்கும் ஒரே விரலில், ஒரே இடத்தில், தெரியாமல் பட்டுவிட்டதா என்று அவள் கேட்டதற்கு, எங்க தெரு அப்படிங்க என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் காவலர் பிடித்துக்கொண்டு போவார், குட்டியை யார் பார்ப்பது, மூன்று மணிக்கு அவளுக்குச் சிரப் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் எனக்குள்ளேயே காரணம் சொல்லிக்கொண்டேன். மதியத்துக்குமேல் பிப்பெட் அண்ணன் பாட்டிலையே கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், மனிதர். அதற்குப் பிறகுதான் நானும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, ஆமாம், நான்தான் வைத்தேன் என்றேன். அந்தப் பெண் நல்லவள், மேலிடத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். நாலரை மணிக்குப் பதில் வந்தது: யார் வைத்தாலும் மை மைதான், சீட்டுக் கிடையாது. ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். உங்கள் ஏஜென்டாக உள்ளே இருந்த மாமாவுக்கு முழங்காலால் எழுந்து வராந்தாவுக்கு வர முடியவில்லை. பட்டியலில் டிக் விழாத பெயர்களை மட்டும் பார்த்துவிட்டு வந்து உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர்மேலும் தப்பில்லை.

நீங்கள் அவர்களை வாய்க்கு வந்தபடி பேசி ஒன்பது நாள் ஆகியும், இன்றுவரை ஒருவர்கூட உங்களிடம் வந்து உங்கள் தம்பி மகள்தான் காரணம் என்று சொல்லவில்லை பாருங்கள். தையல் அக்கா துணியைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கே எனக்குத் தெரியும். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். என்னை இன்னும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் சுவருக்குள் புகுந்துகொள்ளலாமா என்று இருக்கிறது.

ஆகவே உங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்வது: என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், அப்பாவிடம் சொல்லுங்கள், ஒரு வருஷம் பேசாமல் இருங்கள். அந்தத் துணியை மட்டும் திரும்பத் தையல் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். டிரைவர் அண்ணன் எதிரே வந்தால் நீங்களே முதலில் வணக்கம் சொல்லுங்கள். அவர்கள் நின்ற நிற்பு எனக்குத்தான் தெரியும்.

மாமாவுக்கு என் வணக்கம். முழங்காலுக்குத் தைலம் சூடாகத் தேய்க்கச் சொல்லுங்கள். குட்டியின் மீசை பாதி உரிந்துவிட்டது, வலது பக்கம் மட்டும் பாக்கி, அவள் உங்களுக்கு ஒரு முத்தம் அனுப்புகிறாள். பெரியவர்கள் நீங்கள் மன்னித்து, எங்கள் மூவருக்கும் வழக்கம்போல் உங்கள் ஆசியைத் தர வேண்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத உங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: நேற்று எழுதி முடித்த கடிதத்தை உறையில் போடும் முன், இது தையல் அக்காவின் மானப் பிரச்சினையும் ஆயிற்றே என்று இன்று காலை அவர் கடைக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். பொத்தான் தைத்துக்கொண்டே முழுவதும் கேட்டார். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "கடுதாசி நல்லாத்தான் இருக்கு டீச்சர். முப்பத்தேழும் உங்க அத்தைக்கு விழ வேண்டியதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதை மட்டும் அடிச்சிடுங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். உங்கள் நோட்டீஸையும் எதிராளி நோட்டீஸையும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லோரும் படித்தார்களாம். உங்களுடையதில் எங்கள் தெரு பஸ் நிறுத்தத்தை எடுத்து உங்கள் தெருவில் வைப்பதாக இருந்ததாம். நீங்கள் எனக்கு அத்தை என்பதால் என் காதில் போடவில்லையாம். விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம், உங்கள் அத்தைக்கு ஒன்பது தேறும், மீதி இருபத்தெட்டும் அந்தப் பக்கம் என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன் அத்தை. அவர்களைப் போட விட்டிருந்தால் நீங்கள் முப்பத்து மூன்று ஓட்டில் தோற்றிருப்பீர்கள். உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று சொல்கிறேன். இருக்காது என்றும் தெரிகிறது.

பிறகு அக்கா சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "இத்தனை வருஷம் வீட்டுல யாரு பேரைச் சொல்றாங்களோ அவங்களுக்குப் போட்டுட்டு வருவேன். இந்தத் தடவைதான் டீச்சர், நானா படிச்சு, நானா யோசிச்சுப் போடப் போனேன். அது போச்சேன்னுதான்." அவ்வளவுதான் சொன்னார்.

அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் கேட்பீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். எதிராளி நோட்டீஸில், குட்டியின் பள்ளி வாசலில் வேகத்தடை போடுவதாக ஒரு வரி இருந்தது. அங்கே லாரிகள் வருகிற வேகம் நீங்கள் பார்த்ததில்லை. ஏழு மணிக்கு உள்ளே போனபோது உங்களை நினைத்துக்கொண்டுதான் போனேன். மறைப்புக்குப் பின்னால் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பெயரையும் பார்த்தேன். எனக்குக் கல்லூரி விண்ணப்பம் வாங்கி வந்தவர் நீங்கள். அந்த வேகத்தடைக்குப் போட்டேன். கை நடுங்கும் என்று நினைத்தேன் அத்தை, நடுங்கவில்லை. அதைத்தான் பத்து நாளாக யாரிடமும் சொல்ல முடியவில்லை.